இரவு பத்து மணிக்கு மேல் பிராக்

கேள்வி: ஐயா, நான் டிரெஸ்டனில் முதுகலை படிக்கிறேன். என்னோடு படிக்கும் நான்கு பேர் அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை பிராக் போகிறார்கள். என்னையும் கூப்பிடுகிறார்கள். பகலெல்லாம் ஊர் சுற்றல், ராத்திரி ‘பப் க்ரால்’. ஆளுக்கு 25 யூரோ டிக்கெட். முதல் ஒரு மணி நேரம் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாமாம். அதன்பிறகு ஒரு வழிகாட்டி மூன்று பப்களுக்கும் கடைசியில் ஒரு நைட் கிளப்புக்கும் கூட்டிப் போவாராம். எனக்குக் குடிப்பழக்கம் என்று ஒன்றும் இல்லை. இங்கே வந்தபிறகு எப்போதாவது பீர் ருசி பார்த்திருக்கிறேன், அரை கிளாஸைத் தாண்டியதில்லை. போகாவிட்டால் ஒதுங்கிக்கொள்கிறேன் என்று நினைப்பார்கள். போனால் எல்லோரும் தள்ளாடும்போது நான் மட்டும் ஜூஸும் கையுமாக நிற்க வேண்டும். பிராகில் இதையெல்லாம் தடை செய்துவிட்டார்கள் என்று வேறொருவர் சொல்கிறார். உண்மையா? 25 யூரோவுக்கு இது தகுமா? ஒரு பெண்ணாக நான் எதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும்?

– பெயர் வேண்டாம், டிரெஸ்டன்

பதில்: தடை உண்மைதான். ஆனால் அவர் சொன்ன அளவுக்கு இல்லை. பிராக் மாநகராட்சி 2024 அக்டோபரில் ஒரு விதி கொண்டுவந்தது. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை, வழிகாட்டி வைத்துக் கூட்டம் கூட்டமாகப் பப்களுக்கு அழைத்துப் போகும் வியாபாரம் கூடாது. அவ்வளவுதான். பப்கள் வழக்கம்போல் திறந்திருக்கும். நீங்கள் ஐந்து பேரும் பதினொரு மணிக்கு ஒரு பப்பிலிருந்து எழுந்து அடுத்ததற்கு நடந்து போனால் யாரும் கேட்கப்போவதில்லை. பணம் வாங்கிக்கொண்டு, கொடியோ குடையோ பிடித்துக்கொண்டு, நாற்பது பேரை அந்த நேரத்தில் தெருவில் நடத்திச் செல்வதைத்தான் நிறுத்தினார்கள்.

பத்து மணிக்குக் காரணம் உண்டு. செக் சட்டத்தில் இரவு அமைதி நேரம் என்பது 10 முதல் 6 வரை. பழைய நகரத்தின் ட்லௌஹா தெருவைப் போன்ற இடங்களில் கீழே பார், மேலே வீடு. ஜன்னலுக்கு அடியில் ஒரு கூட்டம் பாடிக்கொண்டு போகும். இருபது நிமிடம் கழித்து அடுத்த கூட்டம். மலிவு விமானங்கள் வந்தபிறகு, கல்யாணத்துக்கு முந்தைய வார இறுதியை மாப்பிள்ளைத் தோழர்களோடு கழிக்க பிரிட்டனிலிருந்து வருபவர்களுக்குப் பிராக் பெரிய இலக்காகிவிட்டது. அந்தத் தெருக்காரர்கள் பல வருடங்களாகப் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மலிவாகக் குடிக்க மட்டும் வருபவர்கள் குறையட்டும், ஊரைப் பார்க்க வருபவர்கள் வரட்டும் என்று நகர நிர்வாகமும் வெளிப்படையாகவே பேசியது. இந்த எண்ணம் பிராகுக்கு மட்டும் வந்ததல்ல. ஆம்ஸ்டர்டாம் தன் மையப்பகுதியிலிருந்து, கூட்டமாகக் குடித்துக்கொண்டே மிதிக்கும் பீர் சைக்கிள்களை 2017இலேயே விரட்டிவிட்டது.

உங்கள் நண்பர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த நிறுவனத்திடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: “பத்து மணிக்குப் பிறகு எங்களோடு யார் இருப்பார்கள்?” நிகழ்ச்சி மாலையிலேயே தொடங்கிப் பத்துக்குள் முடிகிறதா, அல்லது பத்து மணிக்கு ஒரு கிளப்பின் வாசலில் விட்டுவிட்டுப் போய்விடுவார்களா? பதில் மழுப்பலாக வந்தால் டிக்கெட் வேண்டாம். விதியை மீறுபவரின் பின்னால் போவதில் உங்களுக்கு என்ன லாபம்?

இனி, இந்த 25 யூரோவில் என்ன வாங்குகிறீர்கள் என்று பார்ப்போம். பப் க்ரால் நடத்துபவருக்கும் பாருக்கும் உள்ள ஏற்பாடு எளிமையானது. மாலையில் பார் காலியாக இருக்கும். அந்த நேரத்தில் நாற்பது பேரை ஒருவர் கூட்டிக்கொண்டு வந்தால் பாருக்கு லாபம். அதனால் மலிவு விலையில் சரக்கு கொடுப்பார்கள், சிலர் கமிஷனும் கொடுப்பார்கள். வழிகாட்டி பெரும்பாலும் உங்கள் வயதுக்காரராகத்தான் இருப்பார். படிக்க வந்த இடத்தில் கைச்செலவுக்கு வேலை பார்ப்பவர். எல்லோர் பெயரையும் கேட்பார், விளையாட்டு நடத்துவார், குழுப்படம் எடுப்பார். அந்த வேலையை நன்றாகச் செய்பவர்கள் உண்டு. தனியாக ஊர் சுற்ற வந்தவருக்கு ஒரே மாலையில் பத்துப் பேரைத் தெரிந்துகொள்ள இதைவிட சுலபமான வழி இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நீங்களோ ஐந்து பேராகப் போகிறீர்கள். துணை ஏற்கெனவே இருக்கிறது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. க்ரால் போகும் இடங்கள் ஊரின் நல்ல பப்களாக இருப்பது அபூர்வம். நாற்பது பேரை ஒரேயடியாக உள்ளே விடக்கூடிய இடங்களாக இருக்கும். நல்ல பப்பில் அத்தனை நாற்காலி காலியாகக் கிடக்காது. கிடந்தாலும் நாற்பது நிமிடத்தில் எழுந்து போகிற கூட்டத்தை அந்த முதலாளி விரும்பமாட்டார். கும்பகோணத்திலிருந்து ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகக் கோயில்களையும் காட்டிவிடும் வேன் மாதிரிதான். கணக்குக்கு எல்லாம் பார்த்தாயிற்று, எங்கும் உட்கார்ந்த ஞாபகம் இருக்காது.

அந்த ‘அளவில்லாத ஒரு மணி நேரம்’ இருக்கிறதே, அதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். அரை லிட்டர் செக் பீர், 5 சதவீதம் என்றால், அதில் சுமார் 20 கிராம் ஆல்கஹால் இருக்கும். 40 மில்லி ஷாட் ஒன்று, 40 சதவீதம் என்றால், சுமார் 13 கிராம். ஒரு மணி நேரத்தில் ஒருவர் இரண்டு பீரும் இரண்டு ஷாட்டும் உள்ளே தள்ளினால் ஏறக்குறைய 65 கிராம். நம் கல்லீரல் மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம்வரைதான் எரிக்கும். காபி, குளிர்ந்த தண்ணீர், நடை எதுவும் அதை வேகப்படுத்தாது. ஆக எட்டு மணிக்கு உள்ளே போனது விடியற்காலை நான்கு மணிக்குத்தான் ஏறக்குறையத் தீரும். இதற்குப் பிறகுதானே க்ராலே தொடங்குகிறது! ஒரே அளவு குடித்தாலும் பெண்ணின் ரத்தத்தில் பொதுவாக அதிகம் ஏறும். உடலில் நீரின் பங்கு குறைவு என்பது முக்கியக் காரணம். பழக்கமில்லாதவர் பழகியவர்களின் வேகத்துக்கு ஈடுகொடுக்கப் பார்ப்பதுதான் இந்த மாலைகளில் அதிகம் கெட்டுப்போகிற இடம். இலவசம் என்றால் வேகம் கூடும். ஒரு மணி நேரக் கெடு வைத்தால் இன்னும் கூடும். அந்தக் கெடுவே அதற்காகத்தான்.

இந்த வேகத்துக்கும் பிராகின் பீருக்கும் சம்பந்தமே இல்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம். தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் உலகத்திலேயே அதிகம் பீர் குடிப்பவர்கள் செக் மக்கள். ஆண்டுக்கு 120 லிட்டருக்கு மேல். ஆனால் அவர்கள் ஓடிக் குடிப்பதில்லை, உட்கார்ந்து குடிக்கிறார்கள். ‘ஹோஸ்போடா’ என்கிற அவர்களுடைய பப்பில் நீள மேஜை போட்டிருக்கும். இடம் காலியா என்று கேட்டுவிட்டு, தெரியாதவர்களோடும் உட்காரலாம். பணியாளர் ஒரு துண்டுச்சீட்டை மேஜையில் வைப்பார். ஒவ்வொரு பீருக்கும் அதில் ஒரு கோடு. அந்தச் சீட்டைத் தொலைக்காதீர்கள், கிறுக்காதீர்கள், அதுதான் உங்கள் பில். சில பழைய இடங்களில் கிளாஸ் காலியாகும்போது கேட்காமலே அடுத்தது வந்துவிடும். போதும் என்றால் கிளாஸின்மேல் அந்த வட்ட அட்டையை வைத்துவிட வேண்டும். ‘ஸப்லாடீம்’ என்றால் பணம் கட்டுகிறேன் என்று அர்த்தம். இது ஒன்றைத் தெரிந்துகொண்டு போனால் போதும். கிளாஸைத் தூக்கி ‘நா ஸ்த்ராவி’ சொல்லும்போது எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும். கிளாஸைப் பார்த்துக்கொண்டு சொன்னால் அவர்களுக்குப் பிடிக்காது.

இன்று உலகம் முழுக்கக் கிடைக்கும் பொன்னிற லாகர் பீர், பிராகிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் உள்ள பில்ஸென் நகரில் 1842இல் பிறந்தது. காய்ச்சியவர் யோசெஃப் க்ரோல் என்ற பவேரியாக்காரர். பெயர்ப்பலகையில் 10, 12 என்று டிகிரி போட்டிருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். அது ஆல்கஹால் சதவீதம் அல்ல. நொதிப்பதற்கு முன் சாற்றில் எவ்வளவு மால்ட் சத்து இருந்தது என்பதன் அளவு. பத்து டிகிரி பீரில் ஆல்கஹால் சுமார் 4 சதவீதம், பன்னிரண்டில் சுமார் 5. உங்களைப் போன்றவர் கேட்க வேண்டியது பத்து. ஊற்றுவதிலும் அவர்களுக்கு வகை உண்டு. மேலே மூன்று விரல் நுரை நிற்பது ‘ஹ்லாடிங்கா’. கிளாஸ் முழுக்கக் கிட்டத்தட்ட நுரையாகவே வருவது ‘மிலீகோ’. பார்க்கப் பால் மாதிரி இருக்கும், கசப்பில்லாமல் இனிப்பாகக்கூட இருக்கும், அரை கிளாஸைத் தாண்டாதவர்களுக்கு ஏற்றது. நுரை ஏமாற்று வேலை என்று நம் ஊரில் ஒரு சந்தேகம் உண்டு. பிராகில் நுரையில்லாத பீரைக் கொண்டுவந்து வைத்தால் பக்கத்து மேஜைக்காரர் உங்களுக்காகச் சண்டை போடுவார்.

ஹுசோவா தெருவில் ‘ஊ ஸ்லாட்டெஹோ திக்ரா’ என்று ஒரு பப். தங்கப் புலி என்று பெயர். எழுத்தாளர் போஹுமில் ஹ்ராபால் தினமும் வந்து உட்கார்ந்த இடம். 1994 ஜனவரியில் செக் அதிபர் வாட்ஸ்லாவ் ஹாவெல், வந்திருந்த அமெரிக்க அதிபர் பில் கிளிண்டனை விருந்து மண்டபத்துக்குப் பதிலாக இங்கே கூட்டிவந்து ஹ்ராபாலோடு உட்காரவைத்தார். பிற்பகல் மூன்று மணிக்குக் கதவு திறக்கும். வழக்கமாக வருபவர்களுக்கே பல மேஜைகள் போய்விடும். மூன்று மணிக்கு வாசலில் நின்றால் இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு. எந்தக் க்ராலும் உங்களை இங்கே கொண்டுவந்து விடாது, விடவும் முடியாது. 1499இலிருந்து நடக்கும் ‘ஊ ஃப்ளெகூ’வுக்கும் பயணிகள் குவிவார்கள். தானே காய்ச்சும் கறுப்பு பீர் ஒன்றுதான் அங்கே விசேஷம். ஒரு கிளாஸுக்குப் போய்ப் பார்க்கலாம்.

பயணிகள் நிறையும் பீர்க்கூடங்களில் ஒரு விஷயம். தட்டு நிறைய மூலிகைச் சாராயக் குட்டிக் கோப்பைகளை ஏந்திக்கொண்டு பணியாளர் வருவார், சிரித்துக்கொண்டே முன்னால் வைப்பார். உபசாரம் என்று நினைத்து எடுத்தால் பில்லில் வரும். தலையை ஆட்டி வேண்டாம் என்றால் போதும், யாரும் கோபிக்கமாட்டார்கள். அதேபோல் சர்க்கரைக் கட்டியில் தீ வைத்து ஆப்சிந்த் குடிப்பது செக் நாட்டின் தொன்மையான சடங்கு என்று க்ராலில் சொல்வார்கள். 1990களில் பயணிகளுக்காகக் கண்டுபிடித்த வேடிக்கை அது. பார்க்க அழகாக இருக்கும், குடிக்க வேண்டிய அவசியமில்லை. அந்தச் சரக்கு 60, 70 சதவீதம்கூட இருக்கும்.

குடிக்காதவர் ஜூஸும் கையுமாக நிற்க வேண்டுமா என்று கேட்டீர்கள். செக் நாட்டில் அந்தக் கவலை குறைவு. கார் ஓட்டுபவரின் ரத்தத்தில் ஆல்கஹால் துளிகூட இருக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். அதனால் ஒவ்வொரு மேஜையிலும் குடிக்காத ஒருவர் இருப்பது சகஜம், ஏன் என்று யாரும் குடைவதில்லை. ஆல்கஹால் இல்லாத பீர் எல்லா இடத்திலும் கிடைக்கும், பல இடங்களில் குழாயிலேயே வரும். அதைவிட ‘கோஃபோலா’ கேட்டுப் பாருங்கள். கம்யூனிஸ்ட் காலத்தில், 1960 வாக்கில், கோலாவுக்கு மாற்றாகச் செய்த பானம். மூலிகை வாசனை, இனிப்பு குறைவு. அரை லிட்டர் கிளாஸில் வரும், மேஜையில் இருக்கும் மற்ற கிளாஸ்களோடு வித்தியாசமாகத் தெரியாது. ஆனால் க்ராலில் நிலைமை வேறு. விளையாட்டுகள் குடியை வைத்தே நடக்கும், தோற்றவர் குடிக்க வேண்டும், சுற்றி நின்று கைதட்டுவார்கள். வழிகாட்டியிடம் ஆரம்பத்திலேயே “நான் குடிப்பதில்லை, தண்ணீரில் விளையாடுகிறேன்” என்று சொல்லிவிட்டால் நல்ல வழிகாட்டி பார்த்துக்கொள்வார்.

தகுமா என்ற கேள்விக்கு என் பதில்: உங்களுக்குத் தகாது. 25 யூரோ என்பது 600 கொருனாவுக்கு மேல். நகர மையத்திலேயே அரை லிட்டர் நல்ல பீர் 60 முதல் 80 கொருனாவுக்குக் கிடைக்கிறது. கணக்கை நீங்களே போடுங்கள். அரை கிளாஸ்காரர், எட்டு கிளாஸ் விலையைக் கொடுத்து, மட்டமான சரக்கு இருக்கும் மேஜைக்கு எதிரே நிற்கப்போகிறார்.

“வரமாட்டேன்” என்று மட்டும் சொன்னால்தான் ஒதுங்குவதாகப் படும். மாற்று ஏற்பாட்டை நீங்கள் முன்வையுங்கள். ஐந்து மணிக்கு லெட்னா மேட்டில் உள்ள தோட்டப் பீர்க்கடை: மரநிழலில் பெஞ்சுகள், கீழே வல்டாவா ஆறும் அதன் பாலங்களும். அங்கிருந்து இறங்கி, சாப்பாடு நன்றாக இருக்கும் ஒரு ஹோஸ்போடாவில் இரண்டு மணி நேரம். வறுத்த சீஸ் சைவக்காரருக்கும் கிடைக்கும், எண்ணெயில் ஊறிய ஹெர்மெலின் சீஸ் பீருக்குத் தோதான சைடு டிஷ். குலாஷ் அனேகமாக மாட்டிறைச்சி, வேண்டாதவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவதாக ஜிஷ்கோவ் பகுதியில் ஏதாவது ஒரு பழைய கடை. அது உள்ளூர்க்காரர்களின் பேட்டை, பப்கள் அடுத்தடுத்து இருக்கும். இதுவும் க்ரால்தான், நடத்துபவர் நீங்கள். பத்து மணிச் சட்டமும் உங்களைத் தொடாது. அப்புறமும் அவர்களுக்குக் கிளப் ஆசை இருந்தால் வாசல்வரை போய் உங்கள் இஷ்டப்படி முடிவு செய்யுங்கள்.

வழிகாட்டியோடு பப் சுற்றுவதே மோசம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். டப்ளினில் இலக்கியப் பப் க்ரால் ஒன்று நடக்கிறது. ட்யூக் தெருவில் உள்ள ட்யூக் பப்பில் தொடங்கும். இரண்டு நடிகர்கள் ஜாய்ஸ், பெக்கெட், வைல்ட் முதலான எழுத்தாளர்களின் படைப்புகளிலிருந்து பகுதிகளை நடித்துக்கொண்டே பப் பப்பாகக் கூட்டிப் போவார்கள். அங்கே குடி துணைக்கு, கதைதான் பிரதானம். சோடாவோடு நிற்பவருக்கும் டிக்கெட் காசு வசூலாகிவிடும். ஆனால் உங்கள் ஜெர்மன் குடியிருப்பு அனுமதி அட்டை அயர்லாந்துக்குச் செல்லாது, தனி விசா வேண்டும்.

நண்பர்கள் கேட்காமல் டிக்கெட் வாங்கிவிட்டால், நீங்களும் போவதென்று முடிவானால், கடைசிக் கேள்விக்கு வருகிறேன். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பானத்தை உங்கள் கண் முன்னால் ஊற்றச் சொல்லி வாங்குங்கள். கழிவறைக்குப் போகும்போது வைத்துவிட்டுப் போன கிளாஸைத் திரும்பத் தொடாதீர்கள், எவ்வளவு மிச்சம் இருந்தாலும். குடித்த அளவுக்குப் பொருந்தாமல் திடீரென்று தலை சுற்றினால் வெட்கப்படாமல் நண்பரிடமும் பார் ஊழியரிடமும் சொல்லுங்கள். யாரும் தனியாகக் கிளம்பக் கூடாது, யாரையும் தனியாக விடக் கூடாது என்று ஐந்து பேரும் பகலிலேயே, தெளிவாக இருக்கும்போதே, பேசிக்கொள்ளுங்கள். பிரிந்துவிட்டால் சந்திக்க லாஸர்ஸ்கா டிராம் நிறுத்தம் நல்ல இடம். நள்ளிரவுக்குப் பிறகு மெட்ரோ நின்றுவிடும், 90களில் எண்ணிட்ட இரவு டிராம்கள் எல்லாம் அங்கே வந்து கூடும், ஆள் நடமாட்டம் இருக்கும். வென்ஸெஸ்லாஸ் சதுக்கத்தில் கிளப்புக்கு வா என்று கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிடுபவர்களுக்குப் பதிலே சொல்லாமல் நடங்கள். தெருவில் நிற்கும் டாக்ஸியில் ஏறாமல் ஆப்பில் கூப்பிடுங்கள்.

கூட வந்தவர் எழுப்பியும் எழவில்லை, மூச்சு சீராக இல்லை என்றால் ‘தூங்கட்டும்’ என்று விடுதி அறையில் போட்டுவிட்டு வருவது மிகப் பெரிய தவறு. ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், பக்கத்திலேயே இருங்கள், 155 அல்லது 112க்கு அழையுங்கள். 112இல் ஆங்கிலம் பேசுவார்கள். போதை மிஞ்சித் தெருவில் கலாட்டா செய்பவரைப் போலீஸ் கொண்டுபோய் விடுவதற்கென்றே செக் நாட்டில் ‘ஸாக்கிட்கா’ என்ற போதை தெளியும் நிலையங்கள் உண்டு. யாரோஸ்லாவ் ஸ்காலா என்ற மனநல மருத்துவர் பிராகில் 1951இல் தொடங்கியது. அங்கே கழிக்கும் இரவுக்கான பில் கைக்கு வரும், சில ஆயிரம் கொருனா. போதையில் நேர்ந்த விபத்துக்குப் பல பயணக் காப்பீடுகள் பணம் தராது. உங்களுடையது மாணவர்களுக்கான தனியார் காப்பீடாக இருந்தால் அந்த ஷரத்தைக் கிளம்புமுன் படித்துவிடுங்கள்.

கிளப்புக்குப் போகும்போது பாஸ்போர்ட்டையும் அனுமதி அட்டையையும் விடுதி லாக்கரில் பூட்டிவிட்டுப் போவது பத்திரம் என்று தோன்றும். ஆனால் செக் போலீஸ் கேட்டால் வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும், அதனால் ஆடைக்குள் ஒட்டி நிற்கும் சின்னப் பையில் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போதும் அது கைக்கெட்ட வேண்டும். 2023 அக்டோபரிலிருந்து ஜெர்மனி செக் எல்லையில் சோதனை வைத்திருக்கிறது, டிரெஸ்டன் ரயிலில் போலீஸ் ஏறிப் பெட்டி பெட்டியாகக் கேட்டுக்கொண்டு வருவார்கள்.